பால் ஊற்ற வந்த மச்சான்

கொரோனா ஓய்ந்து, ஜனங்கள் மாஸ்க்கைக் கழற்றிப் போட்டுவிட்டு நிம்மதியாக நடமாட ஆரம்பித்த வருஷம் அது. சிறுவாச்சூரில் பைபாஸை ஒட்டி நான் டூவீலர் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிறேன். என் மனைவி காளியம்மன் கோயில் வாசலில் அர்ச்சனைத் தட்டு விற்பாள். திங்களும் வெள்ளியும்தான் எங்கள் அம்மனுக்குக் கூட்டம். அந்த இரண்டு நாளும் அவள் தொண்டைக்கு ஓய்வே கிடையாது. “வாங்கக்கா, தேங்கா பாருங்க, கல்லு கணக்கா இருக்கு” என்று அவள் கூப்பிடுகிற குரல், அத்தனை சத்தத்திலும் தனியாகக் கேட்கும். “உன் சம்சாரம் கூப்பிட்டா பைபாஸ்ல போற லாரியே பிரேக் போடுதுப்பா” என்று கடைக்கு வருகிறவர்கள் என்னைக் கிண்டல் செய்வார்கள்.

அந்தக் குரல் ஒரு வெள்ளிக்கிழமை காலையில் நின்றுபோனது. தட்டில் வெற்றிலை அடுக்கிக்கொண்டிருந்தவள் அப்படியே சாய்ந்துவிட்டாள். பக்கவாதம். வலது கை, வலது கால் இரண்டும் விழுந்துவிட்டன. பேச்சும் போய்விட்டது. எல்லாவற்றையும்விடக் கொடுமை, அவளால் எதையும் விழுங்க முடியவில்லை. சில வாரம் ஆஸ்பத்திரியில் இருந்துவிட்டு, மூக்கில் குழாயோடு வீட்டுக்குக் கூட்டி வந்தேன். பாலும் கஞ்சியும் அந்தக் குழாய் வழியாகத்தான். வாய் வழியாக ஒரு சொட்டுத் தண்ணீர்கூடக் கொடுக்கக் கூடாது என்று டாக்டர் தெளிவாகச் சொல்லித்தான் அனுப்பினார்.

எனக்குப் புரிந்தது. ஆனால் பார்க்க வருகிறவர்களுக்குப் புரிய வேண்டுமே. எங்கள் பக்கத்தில் நோயாளியைப் பார்க்க யாரும் வெறுங்கையோடு வர மாட்டார்கள். கொண்டு வந்ததைத் தன் கையால் ஒரு வாயாவது ஊட்டிவிடாமல் போகவும் மாட்டார்கள். நான் மருந்துக் கடைக்குப் போயிருந்த நேரத்தில் சொந்தக்காரப் பெண் ஒருத்தி வந்திருக்கிறாள். படுத்திருந்தவள் வாயில் பாசத்தோடு இளநீரை ஊற்றிவிட்டாள். நான் திரும்பி வந்தபோது என் மனைவி இருமி இருமி முகமெல்லாம் நீலம் பாரித்துக் கிடந்தாள். இளநீர் நுரையீரலுக்குள் போய், காய்ச்சல் வந்து, மறுபடியும் ஆஸ்பத்திரி. இளநீர் கொடுத்தவளைத் திட்டித் தீர்க்க வேண்டும் என்றுதான் இருந்தது. ஆனால் வார்டு வாசலில் அவள் அழுத அழுகையைப் பார்த்ததும் திட்டத் தோன்றவில்லை.

இந்தத் தடவை வீட்டுக்கு அனுப்பும்போது ஒரு நர்ஸ் வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். ஏலாக்குறிச்சிப் பக்கத்துக்காரர், என்னைவிடப் பத்துப் பதினைந்து வயது சின்னவர். படுக்கையில் இருப்பவர்களை வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்கிறவர்களுக்காக ஒரு ஏற்பாடு நடப்பதாகவும், எங்கள் பக்கத்துக்கு அவர்தான் பொறுப்பு என்றும் சொன்னார்.

“வாரா வாரம் வூட்டுக்கு வருவேன் அண்ணே. ஆனா வர்றது அக்காவுக்காக மட்டும் இல்ல. உங்களுக்காகவும்தான்” என்றார்.

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. இருபத்தைந்து வருஷத்துக்கு மேல் குடும்பம் நடத்தியவனுக்கு, பொண்டாட்டியைப் பார்த்துக்கொள்ள இன்னொருத்தர் வந்து சொல்லித் தர வேண்டுமா? “எனக்கு என்ன சிஸ்டர் கேடு? நான் நல்லாத்தான் இருக்கேன்” என்றேன். அவர் என் தாடியை ஒரு பார்வை பார்த்தார்.

“எந்தக் கோயிலுக்கு வேண்டுதல்?”

“வேண்டுதலும் இல்ல, ஒண்ணும் இல்ல. சலூனுக்குப் போக நேரமில்ல.”

“அதத்தான் சொன்னேன்” என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டார்.

சொன்னபடி வீட்டுக்கு வந்தார். முதலில் என் மனைவியைத் திருப்பிப் போட்டு முதுகில் புண் வருகிறதா என்று பார்த்தார். குழாயைப் பார்த்தார். வாயைத் துடைக்கிற விதம் காட்டினார். சாப்பிடாத வாய்தானே என்று நான் விட்டுவைத்திருந்தேன். சாப்பிடாத வாயைத்தான் தினமும் சுத்தம் செய்ய வேண்டுமாம், இல்லாவிட்டால் அந்த அழுக்கு எச்சிலே உள்ளே இறங்கி மறுபடியும் காய்ச்சலை இழுத்து வருமாம். அதன் பிறகு பிரஷர் பார்க்கிற பட்டையை எடுத்து என் கையில் சுற்றினார். ரத்த அழுத்தம் தாறுமாறாக இருந்தது. “நீங்க விழுந்துட்டா இந்த வூட்டுல யாரு இருக்கா?” என்று கேட்டார். எங்களுக்கு ஒரே மகள். ஓசூரில் கைக்குழந்தையோடு இருக்கிறாள்.

புதன்கிழமை மத்தியானம் எங்கள் ஊர் சுகாதாரத் துறை சப் சென்டரில் ஒரு கூட்டம் நடத்துவார், அதற்கு வரச் சொன்னார். போனால் அத்தனையும் பெண்கள். மாமியாரைப் பார்த்துக்கொள்கிற மருமகள், ரெட்டிபாளையம் சிமென்ட் ஆலையில் லோடு ஏற்றும்போது விழுந்து இடுப்புக்குக் கீழே உணர்வில்லாமல் போன புருஷனைப் பார்த்துக்கொள்கிற மனைவி, இப்படி. நான் மட்டும்தான் ஆம்பிளை. கிரீஸ் கறையோடு ஒரு மூலையில் உட்கார்ந்தேன்.

அன்றைக்கு நர்ஸ் ஒரு பாயை விரித்து, “யாராவது ஒருத்தர் மல்லாந்து படுங்க” என்றார். பெண்கள் எல்லாரும் சேலையை இழுத்து மூடிக்கொண்டு சிரித்தார்கள். எல்லார் கண்ணும் என் மேல். படுத்தேன். எங்கள் தெருவில் கீரை விற்கிற அக்கா ஒருவரும் அந்தக் கூட்டத்துக்கு வந்திருந்தார். நர்ஸ் அவர் கையில் ஒரு ஸ்பூனைக் கொடுத்து, என் வாயில் தண்ணீர் ஊற்றச் சொன்னார். தலையைத் தூக்கக் கூடாது, ஊற்றுகிறவர் எப்போது ஊற்றுகிறார் என்று பார்க்கவும் கூடாது என்பது எனக்குக் கட்டளை. அந்த அக்கா ஊற்றினார். தண்ணீர் சட்டென்று தொண்டைக்குள் இறங்கிப் புரையேறி, நான் எழுந்து உட்கார்ந்து கண்ணில் தண்ணீர் வர இருமினேன். எல்லாரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். இருமல் நின்ற பிறகுதான் எனக்கு உறைத்தது. எனக்கு எழுந்து உட்கார உடம்பில் தெம்பு இருக்கிறது. இருமித் துப்பத் தெரிகிறது. அவளுக்கு இரண்டும் இல்லை.

கார்புரேட்டரில் தண்ணீர் இறங்கினால் வண்டி நின்றுபோகும் என்பது என் தொழிலில் பாலபாடம். அதே கதைதான் இது என்று புரிந்துகொள்ள நான் ஒரு ஸ்பூன் தண்ணீர் குடிக்க வேண்டியிருந்தது.

அந்தக் கூட்டத்தில் இன்னொரு பழக்கம் உண்டு. ஒருத்தர் வீட்டு நோயாளிக்கு இன்னொருத்தர் போய்த் துணைக்கு இருப்பார்கள். கீரைக்கார அக்கா வியாபாரம் முடிந்ததும் என் மனைவி பக்கத்தில் வந்து உட்காருவார். அந்த நேரத்தில் நான் ஒர்க்‌ஷாப்பைத் திறப்பேன். சாயங்காலம் நான் போய், படுத்த படுக்கையாக இருக்கிற அவர் மாமியாரைத் திருப்பிப் போடக் கை கொடுப்பேன். முதல் நாளே அந்த அக்கா என்னைத் துரத்திவிட்டார்: “மொதல்ல போயி அந்தத் தாடிய எடுத்துட்டு வாங்க. கண்ணு முழிச்சா அவங்களே பயந்துக்குவாங்க.”

நர்ஸ் கொடுத்த பயிற்சியில் ரொம்ப முக்கியமானது உதட்டை மூடுவது. உதடு மூடினால்தான் வாயில் இருப்பது உள்ளே நிற்கும். உள்ளே நின்றால்தான் தொண்டை அதை விழுங்கப் பழகும். என் மனைவிக்கு வலது பக்க உதடு தொங்கிக் கிடந்தது, எச்சில் வழிந்துகொண்டே இருக்கும். கண்ணாடியை அவள் முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு, “ம்ம்… சொல்லு, ம்ம்…” என்று நானும் காலையிலும் மாலையிலும் பசு மாதிரி கத்துவேன். அவள் என்னையே பார்ப்பாள். சில நாள் முகத்தை இடது பக்கமாகத் திருப்பிக்கொள்வாள். வெறுத்துப் போய்விட்டது. நர்ஸிடம், “இது வேலைக்கு ஆவாது போலருக்கு சிஸ்டர்” என்றேன். “வண்டி ஸ்டார்ட் ஆவலன்னா ஒரு உதையில வுட்டுருவீங்களா அண்ணே?” என்று அவர் என்னையே திருப்பிக் கேட்டார். விடுவதில்லைதான்.

இதற்குள் ஊரில் ஒரு பேச்சு கிளம்பிவிட்டது. எங்கள் பக்கத்தில் ஆஸ்பத்திரியில் இருந்து ஒருத்தரைக் குழாயோடு வீட்டுக்கு அனுப்பினால் அதற்கு ஒரே அர்த்தம்தான். டாக்டர் கையை விரித்துவிட்டார், இனி நாளை எண்ண வேண்டியதுதான். அதுவும் இவளை இரண்டாவது தடவையாக அனுப்பியிருக்கிறார்கள். வாரா வாரம் நர்ஸ் வேறு வருகிறார் என்றதும், “கடைசி நேரத்துல வலி தெரியாம இருக்க ஊசி போட வராங்களாம்” என்று யாரோ அதற்குக் கை, கால் வைத்துவிட்டார்கள். இந்தச் செய்தி மீன்சுருட்டி வரைக்கும் போய்விட்டது.

மீன்சுருட்டிதான் என் மனைவி பிறந்த ஊர். அங்கே அவளுடைய அண்ணன் இருக்கிறார். விவசாயம், இரண்டு மாடு. அப்பா இல்லாத வீட்டில் இவளைத் தூக்கி வளர்த்தவர் அவர்தான். ஒரு நாள் காலையில் வீட்டு வாசலில் ஒரு வேன் வந்து நின்றது. மச்சான் இறங்கினார். பின்னால் அவர் மனைவி, சொந்தத்தில் இன்னும் சில பெரியவர்கள். மச்சான் கையில் ஒரு தூக்குவாளி. அவர் மனைவி மடியில் இருந்து, குழந்தைக்குப் பால் புகட்டுகிற வெள்ளிப் பாலாடையை எடுத்தார். எதற்கு வந்திருக்கிறார்கள் என்று யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

உயிர் ஊசலாடும்போது பிறந்த வீட்டுச் சொந்தம் வாயில் பால் ஊற்றி வழியனுப்புவது எங்கள் வழக்கம். ஊற்றாமல் விட்டால் ஊற்றாதவர்களுக்கு அந்தக் குறை ஆயுசுக்கும் தீராது.

மச்சான் கட்டில் பக்கத்தில் போய் நின்று தங்கையைப் பார்த்தார். தோள் குலுங்கியது. பிறகு என்னிடம் வந்து மெதுவாகச் சொன்னார்:

“மாப்ள, பால் நம்ம மாட்டுப் பால்தான். இது குடிச்சு வளந்த புள்ள. என் கையால ஒரு சொட்டு ஊத்திட்டேன்னா நிம்மதியா போய்ச் சேந்துரும். பாவம், இன்னும் எதுக்கு அவஸ்தை?”

“மச்சான், அவ போகல. இங்கதான் இருக்கா. வாயில எதயும் ஊத்தக் கூடாது.”

“ஊத்துனா என்ன? டாக்டரே வூட்டுக்கு அனுப்பிட்டாரு. இன்னும் என்ன ஆவப்போவுது?”

“அனுப்புனது சாவறதுக்கு இல்ல. பாத்துக்கத்தான் அனுப்புனாங்க.”

அவருக்கு முகம் சிவந்துவிட்டது. “என் தங்கச்சிக்கு நான் பால் ஊத்துறத நீ தடுப்பியா?” என்றார். கூட வந்த பெரியவர் ஒருவர், “கட்டுனவனுக்குப் பாசம் கண்ண மறைக்குது. நீ ஊத்து” என்றார். நான் ஒருத்தன், அவர்கள் அத்தனை பேர். மச்சான் தூக்கைத் திறந்து பாலாடையில் பாலை ஊற்றிக்கொண்டு கட்டிலை நெருங்கிவிட்டார். அவர் கையைப் பிடிக்க நானும் கையை நீட்டிவிட்டேன்.

அப்போதுதான் நான் அவள் முகத்தைப் பார்த்தேன். பாலாடை நெருங்க நெருங்க அவள் கண் பெரிதாகியது. அவளுக்கு எல்லாம் கேட்டிருக்கிறது, எல்லாம் புரிந்திருக்கிறது. பேச வாயில்லை. பாலாடையின் மூக்கு உதட்டில் படப் போன நேரம், இத்தனை வாரமாக நான் கண்ணாடி பிடித்துக் கத்தியும் மூடாத அந்த உதடு, ஒரு ஓரம்கூட மிச்சமில்லாமல் இறுக்கி மூடிக்கொண்டது. இடது கை மேலே வந்து அண்ணன் கையைத் தள்ளியது. பால் போர்வையில் சிந்தியது.

மச்சான் கையில் காலிப் பாலாடையோடு அப்படியே நின்றார்.

“பாத்தீங்களா மச்சான்? நான் தடுக்கல. அவதான் வேணாங்கிறா” என்றேன்.

மச்சான் வெளியே போய் வாசல்படியில் உட்கார்ந்துகொண்டார். அவரை அப்படி விட எனக்கு மனசு வரவில்லை. அவர் மேல் எனக்குக் கோபமும் இல்லை. உள்ளே கூட்டி வந்து, ஒரு பாயைப் போட்டு, “ஒரு நிமிஷம் படுங்க மச்சான்” என்றேன். புரியாமல் பார்த்தார், ஆனால் படுத்தார். நர்ஸ் எனக்குச் செய்ததையே அவருக்குச் செய்தேன். ஒரே ஒரு ஸ்பூன் தண்ணீர். புரையேறி எழுந்து உட்கார்ந்து, துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு இருமினார். இருமி முடித்துவிட்டுத் தூக்கைப் பார்த்தார், தங்கையைப் பார்த்தார். “ஐயோ” என்று மட்டும் சொன்னார்.

அவர் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னேன்: “அவ வாயால சாப்புடுற நாள் வரும். வர வைப்பேன். அன்னைக்கு மொத வாய் நீங்கதான் குடுக்கணும். நான் சொல்லி அனுப்புறேன்.” பெரிய வார்த்தைதான். என் கையில் என்ன இருக்கிறது என்று யோசித்துச் சொன்ன வார்த்தை இல்லை. ஆனால் சொல்லிவிட்டேன். மச்சான் பாலாடையைத் துண்டில் சுருட்டி எடுத்துக்கொண்டு வேன் ஏறினார்.

அடுத்து நர்ஸ் வந்தபோது நடந்ததைச் சொன்னேன். அவர் மற்ற எதையும் கேட்கவில்லை. “உதட்ட மூடுனாங்களா? முழுசா மூடுனாங்களா?” என்று கேட்டுவிட்டுக் கட்டிலுக்கு ஓடினார். “எங்க அக்கா, உங்க அண்ணனுக்குக் காட்டுன மாதிரி எனக்கும் காட்டுங்க” என்றதும், என் மனைவி உதட்டை மூடிக் காட்டினாள். விளக்கெண்ணெய் குடிக்கச் சொன்ன குழந்தை மாதிரி இறுக்கமாக மூடினாள். நர்ஸ் கை தட்டினார். நான் பின்கட்டுக்குப் போய் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தேன்.

அதற்குப் பிறகு நாங்கள் இரண்டு பேரும் விடவில்லை. நான் விட நினைத்தாலும் அவள் விடவில்லை என்பதுதான் உண்மை. உதட்டை மூடுவது, கன்னத்தை உப்புவது, காகிதத்தை ஊதுவது என்று நாள் முழுக்க ஏதாவது செய்வாள். நான் கடையிலிருந்து வர நேரமானால் இடது கையால் கட்டில் சட்டத்தைத் தட்டிக் கூப்பிடுவாள். பார்க்க வருகிறவர்களை வாசலிலேயே கீரைக்கார அக்கா நிறுத்தி, “கொண்டாந்தத இங்க வச்சுட்டுப் போங்க, வாயில எதும் வைக்கக் கூடாது” என்று சொல்லித்தான் உள்ளே விடுவார். அவர் முன்னால் எந்தப் பாசமும் செல்லாது.

ஆடி போய், தீபாவளியும் போனது. கார்த்திகை மாசம் டாக்டர் அவளை உட்கார வைத்து, விழுங்குகிறாளா என்று சோதித்துப் பார்த்தார். கெட்டியாக, கொஞ்சம் கொஞ்சமாக ஆரம்பிக்கலாம் என்றார். ஆஸ்பத்திரி வாசலில் நின்றே நான் மீன்சுருட்டிக்குப் போன் போட்டேன்.

மச்சான் மறுநாளே வந்துவிட்டார். கையில் அதே தூக்கு. இந்தத் தடவை பாலாடை இல்லை, பையில் இருந்து ஒரு சின்ன ஸ்பூனை எடுத்தார். வெறும் பால் புரையேறும் என்பதால் அந்தப் பாலிலேயே ரவையைப் போட்டுக் கெட்டியாகக் காய்ச்சினேன். நர்ஸும் வந்திருந்தார். என் மனைவியை நாற்காலியில் நிமிர்த்தி உட்கார வைத்து, தாடையைக் கொஞ்சம் கீழே இறக்கச் சொன்னார். மச்சான் நீட்டிய ஸ்பூன் அவளுடைய பல்லில் தட்டியது. அவள் வாயை மூடினாள். நர்ஸ் விரலை அவள் தொண்டையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். தொண்டை மெதுவாக மேலே ஏறிக் கீழே இறங்கியது. இருமல் வரவில்லை.

“இறங்கிடுச்சு” என்றார் நர்ஸ்.

என் மனைவி முகத்தைச் சுளித்தாள். என்னைப் பார்த்தாள். உதடு கோணிக் கோணி எதையோ தேடியது. அத்தனை மாசத்துக்குப் பிறகு அவள் வாயிலிருந்து முதல் வார்த்தை வந்தது:

“சக்… கர.”

நான் பதட்டத்தில் சர்க்கரை போட மறந்திருந்தேன். மச்சான் ஸ்பூனைக் கீழே போட்டுவிட்டு, தங்கை மடியில் முகத்தை வைத்து அழுதார். அழுதுகொண்டே, “சக்கர போடுய்யா மாப்ள, கேக்குறால்ல” என்று என்னைத் திட்டினார்.

இன்றைக்கு மூக்கில் குழாய் இல்லை. வலது கை இன்னும் சரியாகவில்லை, பேச்சும் பாதிதான் வருகிறது. இருந்தாலும் திங்களும் வெள்ளியும் கோயில் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பாள். “தேங்கா… கல்லு” என்பது மட்டும் தெளிவாக வரும். நான் புதன்கிழமைக் கூட்டத்துக்கு இப்போதும் போகிறேன். புதிதாக யாராவது வந்தால் நர்ஸ் பாயை விரிப்பார், நான்தான் முதலில் படுத்துக் காட்ட வேண்டும்.

பால் ஊற்றுகிற வழக்கத்தை நான் குறை சொல்லவில்லை, அதில் இருக்கிற பாசம் எனக்குத் தெரியும். ஆனால் யாரையாவது பற்றி “வூட்டுக்கு அனுப்பிட்டாங்களாம்” என்று கேள்விப்படும்போதெல்லாம், பாலாடைக்கு முன்னால் என் மனைவி இறுக்கி மூடிக்கொண்ட அந்த உதடுதான் எனக்கு ஞாபகம் வருகிறது. கடைசிப் பாலுக்கு முன்னால் சர்க்கரை கேட்கிற வாய் ஒன்று அங்கே இருக்கலாம் என்று நினைத்து, என்ன வேலை இருந்தாலும் கடையைச் சாத்திவிட்டு அந்த வீட்டுக்குப் போய்விடுகிறேன்.